சலானில் எழுத்து நிற்க வேண்டும்: சிறு தொழிலுக்கு எந்தப் பிரிண்டர்?

என் கோப்பில் 2022 ஏப்ரல் மாதத்துச் சலான், அதாவது சரக்கோடு அனுப்பும் சீட்டு, ஒன்று இருக்கிறது. கீழ் ஓரத்தில் சரக்கு வாங்கியவரின் கையெழுத்து நீல மையில் அழுத்தமாக நிற்கிறது. அதற்கு மேலே ஒன்றுமே இல்லை. தேதி, பார்ட்டியின் பெயர், சைஸ் வாரியாக பீஸ் கணக்கு என்று அச்சான இடம் முழுவதும் பழுப்பேறிய வெற்றுத் தாள். விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் சலான் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் நிழல்போலத் தெரிகின்றன.

திருப்பூரில் அனுப்பர்பாளையம் பக்கம் 18 மெஷின் வைத்துத் தையல் ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, செய்கிறேன். வெட்டிய துணி, வேலை கொடுக்கும் பார்ட்டியிடமிருந்து கட்டுக் கட்டாக வரும். தைத்து, பிசிறு வெட்டி, எண்ணி, சலான் போட்டுத் திருப்பி அனுப்புவோம். 2023 தீபாவளிக்கு முன்பு ஒரு பார்ட்டியுடன் பழைய கணக்கை முடிக்க உட்கார்ந்தபோது 1,180 பீஸ் இடித்தது. அனுப்பினோம் என்றோம் நாங்கள். வரவில்லை என்றார்கள் அவர்கள். பீஸுக்கு 14 ரூபாய் கூலி, ஆக 16,520 ரூபாய். அந்தப் பார்ட்டி ஏமாற்றுகிறவர் இல்லை. தம் கோப்பையும் எடுத்து என் முன்னால் விரித்தார். அவரிடம் இருந்த பிரதியும் என்னுடையதைப் போலவே வெளுத்துக் கிடந்தது. பாதிக்குப் பாதி என்று பேசி முடித்துக்கொண்டோம். 8,260 ரூபாய் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பத்து வருடமாக முகம் பார்த்துப் பழகிய இருவர், ஒரு வெற்றுத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்ட அந்த அரை மணி நேரம்தான் இன்றும் வலிக்கிறது.

அந்தச் சலானை அடித்தது இரண்டு அங்குல அகலத் தெர்மல் பிரிண்டர். 2021இல் 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். மை வாங்க வேண்டாம், சத்தம் கிடையாது, போனிலிருந்தே அடிக்கலாம் என்று வாங்கிய மெஷின். அதன் விலையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஒரே கணக்கில் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் பார்க்கிற இடத்திலெல்லாம் பிரிண்டரை உற்றுப் பார்த்தேன். கோபிசெட்டிபாளையத்தில் மச்சானின் மளிகைக் கடை, சங்ககிரியில் லாரி புக்கிங் அலுவலகம், காங்கயத்தில் அரிசி ஆலை எடை மேடை, எங்கள் ஆடிட்டர் அலுவலகம் என்று போன இடங்களில் எல்லாம் என்ன மெஷின், ஏன் அது, எவ்வளவு செலவு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்டதையும் பட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது தாளைப் பற்றி. மெஷினைவிட்டு வெளியே வந்த தாள் எத்தனை பேர் கைக்குப் போக வேண்டும், எத்தனை வருடம் எழுத்தோடு இருக்க வேண்டும், அதுவரை எங்கே வைக்கப்படும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மெஷின் பாதி முடிவானதுபோல்தான்.

பிரதிக் கணக்கைச் சட்டமே சொல்லிவிடுகிறது. ஜி.எஸ்.டி. விதிப்படி சரக்கு விற்கிற பில்லுக்கு மூன்று பிரதிகள் வேண்டும்: முதலாவது வாங்குகிறவருக்கு, இரண்டாவது வண்டிக்கு, மூன்றாவது நமக்கு. டெலிவரி சலானுக்கும் அதே மூன்று. கூலி, பழுதுபார்ப்பு போன்ற சேவைப் பில்லுக்கு இரண்டு போதும். வைத்திருக்க வேண்டிய காலம், அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள். 2024-25 கணக்கு ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆண்டு ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி 2025 டிசம்பர் 31. அதிலிருந்து 72 மாதம் என்றால் 2031 டிசம்பர் 31. அதாவது 2024 ஏப்ரல் முதல் வாரத்தில் போட்ட பில் ஏழே முக்கால் வருடம் படிக்கும்படி இருக்க வேண்டும். என் சலான் ஒன்றரை வருடம்கூடத் தாங்கவில்லை.

தெர்மல் மெஷினைக் குறை சொல்லி ஒதுக்கிவிட முடியாது. அது எதற்குப் பிறந்ததோ அந்த வேலையில் அதை அடிக்க ஆளில்லை. அதில் மையே கிடையாது. தாளின் மேல் பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது, அவ்வளவுதான் அச்சு. சந்தேகம் இருந்தால் தெர்மல் தாளின் வழவழப்பான பக்கத்தில் நகத்தால் வேகமாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கறுப்பாக விழும். மை இல்லாததால் காய்வதும் இல்லை, அடைப்பதும் இல்லை. தேய்கிற பாகம் என்று பார்த்தால் முக்கியமாக அதன் தலை ஒன்றுதான். அதன் ஆயுளைக் கிலோமீட்டரில் சொல்கிறார்கள். 100 கிலோமீட்டர் தாள் ஓடும் என்று ஒரு தலைக்குச் சொன்னால், 20 சென்டிமீட்டர் நீளப் பில்லில் அது 5 லட்சம் பில். சிறு கடைக்கு அது வருடக் கணக்கில் வரும்.

மச்சானின் மளிகைக் கடையில் சாயங்காலம் 6 மணியிலிருந்து 9 மணிவரை கூட்டம் நெரியும். மூன்று அங்குலத் தெர்மல் மெஷின், தானே வெட்டிக் கொடுக்கும் கத்தியோடு. 15 சாமான் இருக்கும் பில் கண் மூடித் திறப்பதற்குள் வந்து விழுகிறது. வாடிக்கையாளர் அதைக் கல்லா முன்னாலேயே சரிபார்த்து, பையில் போட்டுக்கொண்டு போகிறார். வீட்டுக்குப் போய் இன்னொரு முறை பார்ப்பார். அதோடு அந்தத் தாளின் வேலை முடிந்தது. கடையின் பக்கத்துக் கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு பெறாத வாடிக்கையாளர் 200 ரூபாய்க்குக் குறைவாக வாங்கி, பில் வேண்டும் என்று கேட்காவிட்டால், தனித்தனியாகப் போடாமல் நாள் முடிவில் மொத்தமாக ஒரு பில் போட்டுக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. இப்படி ஒரு கடைக்குத் தெர்மலைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். பேக்கரி, மெடிக்கல், ஓட்டல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். தறித் துணியை, ஜமக்காளத்தைக் கூரியரில் அனுப்புகிறவர்கள் பார்சல் மேல் ஒட்டும் லேபிளுக்கும் தெர்மலே சரி. பவானியிலிருந்து பார்சல் எங்கே போனாலும் ஒரு வாரத்தில் லேபிளின் ஆயுள் முடிந்துவிடுகிறது.

தாள் நெடுநாள் வாழ வேண்டும் என்றால்தான் தெர்மல் கைவிடுகிறது. சூடு அதற்கு எதிரி, வெயில் எதிரி, எண்ணெய்க் கை எதிரி. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பலருக்குத் தெரியாத எதிரி ஒன்று உண்டு, அது பிளாஸ்டிக் உறை. பத்திரமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு சலானையும் பளபளக்கும் பி.வி.சி. உறைக்குள் போட்டு வைத்தேன். அந்த வகை உறையை வளைந்துகொடுக்க வைப்பதற்காகச் சேர்க்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து தெர்மல் எழுத்தைத் தின்றுவிடும். மேலே தகரக் கூரை, உள்ளே பி.வி.சி. உறை. இரண்டும் சேர்ந்து என் கணக்கை அழித்தன. வெறும் காகித உறையில் போட்டு இருட்டு அலமாரியில் வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் நின்றிருக்கும். ஏழே முக்கால் வருடத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் தெர்மல் வாங்காவிட்டாலும் தெர்மல் பில் நம்மிடம் வந்து சேரும். டீசல் போட்ட பில், நூல், பட்டன் வாங்கிய பில், ஊசிக் கடை பில் எல்லாம் அந்தத் தாள்தான். கைக்கு வந்த அன்றே நகல் எடுத்து, மூலத்தோடு பின் குத்திவிடுங்கள். அல்லது போனில் படம் எடுத்து மாத வாரியாகப் போட்டு வையுங்கள். கணக்கை மின்னணு வடிவில் வைத்திருக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மார்ச் மாதம் ஆடிட்டர் முன்னால் வெள்ளைத் தாளை நீட்டி, இது டீசல் பில் என்று சொல்லி நிற்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

அடுத்து டாட் மேட்ரிக்ஸ். பழைய பஞ்சாங்கம் என்று பலர் நினைக்கும் இந்த மெஷின்தான் இன்று என் சலான்களை அடிக்கிறது. இதன் தலையில் 9 அல்லது 24 ஊசிகள் இருக்கும். அவை மை தோய்ந்த ரிப்பன் மேல் அடித்து அடித்து எழுத்தை உருவாக்குகின்றன. அடி விழுவதால் அடியிலிருக்கும் தாளிலும் எழுத்து பதிகிறது. தெர்மலுக்கோ லேசருக்கோ இங்க் டேங்குக்கோ இல்லாத குணம் இது. மூன்று அடுக்குத் தொடர்தாளை மாட்டிவிட்டால் மூன்று பிரதியும் ஒரே ஓட்டத்தில், ஒரே எண்ணோடு, ஒரே கணக்கோடு வரும். மேல் தாளில் கையெழுத்துப் போட்டால் அதுவும் மூன்றிலும் இறங்கும். மூன்று பிரதியில் ஒன்றை மட்டும் பிறகு மாற்றி அடித்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பார்ட்டிக்கும் நமக்கும் நடுவில் இதைவிடப் பெரிய நிம்மதி வேறு இல்லை.

சங்ககிரி லாரி புக்கிங் அலுவலகத்தில் பார்த்ததும் இதுதான். லாரி ரசீது அனுப்புகிறவருக்கு ஒன்று, பெறுகிறவருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று நான்கு வேண்டும். மூலத்தோடு நான்கு நகல்வரை எடுக்கும் எப்சன் எல்.எக்ஸ். 310 மாதிரி மெஷின்கள் இருக்கின்றன. டி.வி.எஸ்.ஸின் எம்.எஸ்.பி. வரிசையும் நம் ஊர் அலுவலகங்களில் நெடுநாளாக உழைக்கிறது. காங்கயம் எடை மேடையில் நெல் லாரியின் மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை மூன்றையும் அடித்துத் தருவதும் டாட் மேட்ரிக்ஸ்தான். சன்னலுக்கு வெளியே தவிட்டுத் தூசி பறக்கிறது. மெஷின் மேல் விரலை வைத்தால் விரல் தடம் பதிகிறது. அப்படியும் அடித்துக்கொண்டே இருந்தது. என் பட்டறையிலும் பஞ்சுத் தூசிக்குக் குறைவில்லை. மாதம் ஒருமுறை தூரிகையால் தட்டிவிடுகிறோம், அது போதும்.

ரிப்பன் சில நூறு ரூபாய். எங்கள் அளவுக்கு ஐந்தாறு மாதம் வருகிறது. ரிப்பன் தீரும் விதமும் எனக்குப் பிடித்திருக்கிறது: திடீரென்று நின்றுபோகாமல் எழுத்து நாளுக்கு நாள் மெலியும். புதிது வாங்கி வைக்க நமக்கு அவகாசம் கிடைக்கும். மின்சாரமும் மிகக் குறைவாகவே இழுக்கும். மாதப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால் கம்ப்யூட்டரோடு சேர்த்துச் சின்ன யு.பி.எஸ்.ஸிலேயே இரண்டு மூன்று சலான் போட்டு வண்டியை அனுப்பிவிட முடிகிறது.

வாங்கியவர்களில் பலர் இதில் தவறு செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. மூடியைத் திறந்தால் பக்கவாட்டில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும், பக்கத்தில் 0, 1, 2 என்று எண்கள். தாளின் கனத்துக்கு ஏற்பத் தலைக்கும் உருளைக்கும் நடுவே இடைவெளி வைப்பது அதன் வேலை. ஒற்றைத் தாளுக்கு வைத்த எண்ணிலேயே மூன்று அடுக்குத் தாளைப் போட்டால் ரிப்பன் தாளில் உரசி மேல் பிரதி அழுக்காகும், நாளடைவில் ஊசியும் ஒடியும். அதிகமாகத் தளர்த்தி வைத்தால் மூன்றாவது பிரதி, அதாவது நாம் வைத்துக்கொள்ளும் பிரதி, மங்கலாக விழும். முதல் ஒரு மாதம் எங்கள் பிரதி மங்கலாகவே வந்தது. மெஷின் கோளாறு என்று நினைத்து, வாங்கிய கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பையன் நெம்புகோலை ஒரு எண் நகர்த்தினான். மூன்றாம் தாளில் எழுத்து பளிச்சென்று வந்தது.

குறையையும் சொல்லியாக வேண்டும். சத்தம் போடும், போன் பேசும் மேஜையில் வைக்க முடியாது. புதிதாக வாங்கினால் விலை திகைக்க வைக்கும். எனக்கு 2024இல் 15,200 ரூபாய் ஆனது. பழையது வாங்கினால் முழு அகலத்துக்கு ஒரு வரி எழுத்து அடித்துப் பாருங்கள். எழுத்துகளின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் ஓர் ஊசி போய்விட்டது என்று அர்த்தம். பின்னால் யு.எஸ்.பி. துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய மெஷின்களில் அகலமான பேரலல் துளை மட்டும் இருக்கும்; இன்றைய லேப்டாப்பில் அதற்கு இடமே கிடையாது.

தமிழில் அடிக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டாட் மேட்ரிக்ஸிலும் சரி, பெரும்பாலான தெர்மல் மெஷின்களிலும் சரி, உள்ளே இருக்கும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. தமிழ் எழுத்து படமாகத்தான் போகும். தெர்மலில் படம் சுத்தமாக வந்துவிடுகிறது. 9 ஊசி மெஷினில் சின்ன எழுத்தாக அடித்தால் 'ணூ', 'ஞ்' போன்றவற்றின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன; வேகமும் பாதியாகிறது. தமிழிலேயே பில் கொடுக்கும் கடைகளை நான் மிகவும் மதிக்கிறேன். விவசாயிகளோடு வியாபாரம் செய்யும் உரக்கடை, மஞ்சள் மண்டி, தேங்காய்க் களம் எல்லாம் தமிழில் கொடுக்கத்தான் வேண்டும். அவர்களுக்கு 9 ஊசி பத்தாது. 24 ஊசி அல்லது லேசர் பக்கம் போகலாம். தமிழ்த் தலைப்பை அச்சகத்திலேயே முன்கூட்டி அச்சடித்து வாங்கி, எண்ணையும் தொகையையும் மட்டும் மெஷினில் அடிப்பது இன்னொரு வழி. ஈரோட்டில் அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்க லட்சணமாகவும் இருக்கிறது.

டாட் மேட்ரிக்ஸ் ஓரிடத்தில் தெளிவாகத் தோற்கிறது. வருட வியாபாரம் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு, பதிவு பெற்றவர்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ், அதாவது அரசின் இணையதளத்தில் பதிவு செய்த பில், 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். அந்தப் பில்லில் க்யூஆர் கோடு வர வேண்டும். எழுத்து முறையில் மட்டும் அடிக்கும்படி வைத்திருந்தால் அந்தக் கோடு தாளில் இறங்கவே இறங்காது. படமாக அடித்தாலும் 9 ஊசியில் கட்டங்கள் கலங்கி, போன் கேமராவால் படிக்க முடியாமல் போகலாம். அந்த அளவு வியாபாரம் உள்ளவர்கள் பில்லுக்கு லேசரைப் பயன்படுத்தி, சலானுக்கு மட்டும் டாட் மேட்ரிக்ஸை வைத்துக்கொள்வது நல்லது.

லேசரில் மை என்பது டோனர் எனப்படும் நுண்ணிய பிளாஸ்டிக் தூள். அதைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டவைக்கிறது. ஆகவே எழுத்து வெளுக்காது, நனைந்தாலும் கரையாது. ஆடிட்டர், வங்கி, டெண்டர் என்று போகிற தாளுக்கு அதற்கு நிகர் இல்லை. எச்.பி. லேசர்ஜெட் 1020 என்ற மாடலை ஜெராக்ஸ் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அதன் 12ஏ டோனர் 2,000 பக்கம் வரும் என்று கணக்கு. பக்கத்தில் 5 சதவீத இடத்தில் மட்டும் மை படுகிறது என்று வைத்துக்கொண்டு சொல்லும் எண் அது. தலைப்பில் பெரிய கறுப்பு லோகோ, சுற்றிலும் தடித்த கட்டம் என்று நம் பில் இருந்தால் அந்த 2,000 நமக்கு வராது. லோகோவை மெல்லிய கோடாக மாற்றியதிலேயே எங்கள் டோனர் கூடுதல் நாள் வந்தது.

லேசரில் கார்பன் வேலைக்கு ஆகாது. மூன்று பிரதி வேண்டுமானால் மூன்று முறை அடிக்க வேண்டும். மின்சாரத்திலும் கவனம் வேண்டும். தாளைச் சூடாக்கும் நேரத்தில் பல நூறு வாட் ஒரே மூச்சில் இழுக்கும். 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் லேசரை மாட்டினால் யு.பி.எஸ். அலறிக்கொண்டு அணைந்துவிடும், கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைந்து, பாதியில் இருந்த பில் போய்விடும். லேசரை நேரடியாகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். பஞ்சு பறக்கும் கொட்டகைக்குள் வைக்காமல், கதவு சாத்திய அறையில் வையுங்கள். லேசர் அடித்த தாளையும் பி.வி.சி. உறையில் போட வேண்டாம். எழுத்து உறையோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது உரிந்து வரும்.

இங்க் டேங்க் பிரிண்டரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. கலர் வேண்டுமானால் அது மலிவு. ஒரு பாட்டில் கறுப்பு மை சில ஆயிரம் பக்கம் வரும். தினமும் அடிக்கிறவர்களுக்கு நல்ல மெஷின். வாரத்துக்கு நான்கு பில் போடுகிறவர் வாங்கினால், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தலையின் துளை காய்ந்துபோகும். அதைச் சுத்தம் செய்ய மெஷின் ஒவ்வொரு முறையும் மையைக் குடிக்கும். சாதாரண கலர் மையில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் எழுத்து படரும். மழை நாளில் டெம்போ டிரைவரின் கையில் போகும் தாளுக்கு இது வேண்டாம்.

இவ்வளவுக்கும் மெஷினே வேண்டாமே, வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். அனுப்பினால் ஆயிற்றே என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. பில்லுக்கு அது சரியாக வருகிறது. இப்போது பாதிப் பார்ட்டிகளுக்கு அப்படித்தான் அனுப்புகிறோம். வண்டியிலும், சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் இ-வே பில்லைக் காகிதமாக வைத்திருக்க வேண்டும் என்பதில்லை, எண்ணைக் காட்டினாலும் போதும். சரக்கை இறக்கி, எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ஒருவர் கையெழுத்துப் போடும் இடத்தில்தான் காகிதம் தேவைப்படுகிறது. பார்ட்டியின் குடோனில் ராத்திரி 9 மணிக்குச் சரக்கு எடுக்கும் ஆளிடம் போனை நீட்டி ஒப்புதல் வாங்குவது நடக்கிற காரியமாக இல்லை. அதனால் காகிதத்தையும் போனையும் சேர்த்துக்கொண்டோம். கையெழுத்தான சலான் திரும்பி வந்ததும், கணக்குப் பார்க்கும் பெண் அன்று சாயங்காலமே படம் எடுத்து, மாதப் பெயரிட்ட கோப்பில் போட்டு, கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் வைத்துவிடுகிறாள். பத்துச் சலானுக்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை.

நாளுக்கு மூன்று நான்கு பில் மட்டும் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். வீட்டில் முறுக்கு, மசாலாப்பொடி செய்து விற்கும் பெண்கள், இரண்டு தறி வைத்திருப்பவர்கள், சைக்கிள் கடைக்காரர்கள் யாரும் பிரிண்டர் இல்லையே என்று கூச்சப்பட வேண்டாம். வரிசை எண் அச்சடித்த பில் புத்தகமும் நடுவில் கார்பனும் இருந்தால் போதும். கையால் எழுதிய பில் செல்லும். கம்ப்யூட்டர் பில்தான் வேண்டும் என்று சிறு வியாபாரிக்குச் சட்டம் சொல்லவில்லை. பந்துமுனைப் பேனாவில் எழுதியது தெர்மலைவிடப் பல வருடம் கூடுதலாக நிற்கும், அதற்கு என் கோப்பில் இருக்கும் கையெழுத்தே சாட்சி. 3,000 ரூபாய் மிச்சமானால் நல்ல தராசு ஒன்று வாங்குங்கள்.

என் பட்டறையில் இப்போது இரண்டு மெஷின். சலானுக்கு 9 ஊசி டாட் மேட்ரிக்ஸ், மூன்று அடுக்குத் தாளோடு, எண்ணுகிற மேஜைக்குப் பக்கத்தில். கூலிப் பில்லுக்கும் வங்கிக் காகிதங்களுக்கும் 4,500 ரூபாய்க்கு வாங்கிய பழைய லேசர், உள் அறையில். இரண்டும் சேர்ந்து 19,700 ரூபாய். ஒரே மெஷின்தான் வாங்க முடியும் என்ற நிலை இருந்திருந்தால் டாட் மேட்ரிக்ஸை வாங்கிவிட்டு, மாதம் இருபது முப்பது பில்லைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அடித்துக்கொண்டிருப்பேன். சலான்தான் எங்கள் கூலி. அதில் எழுத்து இல்லையென்றால் தைத்த பீஸ் தைக்காத பீஸ்தான்.

வாங்கக் கிளம்பும்போது உங்கள் சொந்தப் பில்லையும் சலானையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் அடித்துக் காட்டும் மாதிரிப் பக்கம் எந்த மெஷினிலும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் தாளையே அடிக்கச் சொல்லுங்கள், பார்ட்டியின் தமிழ்ப் பெயரோடு, கட்டங்களோடு, எத்தனை பிரதி வேண்டுமோ அத்தனையும். கடைசிப் பிரதியைக் கையில் எடுத்து, வாசலுக்கு வந்து, கண்ணாடி போடாமல் படித்துப் பாருங்கள். தெர்மல்தான் வேண்டும் என்று மனம் சொன்னால், மெஷினை அன்றே வாங்காமல், அடித்த தாளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து, டெம்போவின் முன் கண்ணாடிக்கு அடியில் வெயில் படும்படி ஒரு வாரம் போட்டு வையுங்கள். பக்கத்திலேயே அதே நாள் அடித்த டாட் மேட்ரிக்ஸ் தாள் ஒன்றையும் வையுங்கள். ஏழாம் நாள் இரண்டையும் எடுத்து, உங்கள் கணக்கைப் பார்க்கும் ஆளிடம் கொடுத்து, தொகையை வாசிக்கச் சொல்லுங்கள்.